கயிற்றுக்கு வெளியே

ஓஸ்வால்டுக்கு வலது கண் போனது 1996 செப்டம்பரில், மாதா கெபியின் கொடியேற்றத்தன்று. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் குடியிருந்த தெருவின் முனையிலேயே இருக்கிறது, மாதா சொரூபம் வைத்த குகை மாதிரியான அந்தக் கெபி. கொடி மேலே ஏறும்போது மூன்று வேட்டு போடுவது தெருவின் வழக்கம். அந்த வேட்டுக்கு ஓஸ்வால்டின் மச்சினன் எரிக் தன் கையால் ஒரு பீரங்கி செய்து வைத்திருந்தான். எரிக் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். கழித்துப் போட்ட இரும்புத் தண்டு ஒன்றைக் கடைந்து, முழங்கை நீளத்துக்குக் குழலாக்கி, மரச்சட்டத்தில் பொருத்தியிருந்தான். உள்ளே கருமருந்து, அதன்மேல் கசக்கிய நியூஸ்பேப்பர். கம்பால் இறுக்கிக் கெட்டித்துத் திரியில் நெருப்பு வைத்தால் ரயில்வே லைன் வரைக்கும் கேட்கும் என்பது எரிக்கின் பெருமை.

அந்த வருஷம் முதல் இரண்டு வேட்டும் புஸ்ஸென்று போயின. கூட்டத்தில் சிரித்தார்கள். மூன்றாவது வெடித்தபோது ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. எல்லோரும் கொடியைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை விலகியபோது ஓஸ்வால்ட் முகத்தைப் பொத்திக்கொண்டு பீரங்கிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுக் கிடந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கூட்டம் கிட்டே வராமலிருக்க, பீரங்கியைச் சுற்றி இருபத்தைந்து அடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தது. ஓஸ்வால்ட் விழுந்து கிடந்தது கயிற்றுக்கு உள்ளே.

"வெளியிலதான் நின்னேன். மூஞ்சில வந்து அடிச்சுது. கண்ணு தெரியல. எந்தப் பக்கம் நடந்தேன்னே தெரியாம தடுமாறி உள்ள போயிட்டேன்" என்றார் அவர், ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததுமே. அதற்குப் பிறகும் கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னார், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல்.

கெபிக் கமிட்டி வேறு மாதிரி சொன்னது. கமிட்டியின் செகரெட்டரி நோயல் தபால் இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர், தெருவுக்கே அங்கிள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவர், "அவர் கொஞ்சம் போட்டுக்கிற ஆளு சார். கயிறைத் தாண்டி உள்ள போயிட்டார்" என்றார். விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது.

ஓஸ்வால்ட் ஒரு காலத்தில் குடித்தவர்தான். கல்யாணமான முதல் சில வருஷங்கள் மனைவி ஐரின் அதில் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்த பிறகு நான்கு வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை. அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை. விட்டதும் நேரே வீடு. அந்த நான்கு வருஷத்தை நோயல் அங்கிள் ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட்டார்.

வலது கண் அடிபட்டதில் இடது கண்ணும் மங்கலாகிவிட்டதால் அச்சகம் ஓஸ்வால்டை அனுப்பிவிட்டது. அதற்குக்கூட அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நான் குடிக்கலைன்னு மட்டும் அவங்க சொல்லட்டும் ஐரின். வெளியில நின்னேன்னு சொல்லட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றார்.

ஐரின் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. மாணவிகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். புருஷனை அவள் நம்பினாள். நம்பியதோடு விடாமல் நிரூபிக்கவும் நினைத்தாள். நோயல் அங்கிளின் வீட்டுக்குப் போனபோது அவர் கேட் அருகிலேயே நின்று பேசினார்.

"பேப்பர்மா அது. வெறும் பேப்பர். கயிறுக்கு வெளியில நிக்கிறவனை அது என்ன பண்ணும்?"

"பீரங்கிலேருந்து எவ்வளவு வேகத்துல வெளிய வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அளந்து பாக்கலாம். கமிட்டி ஆளுங்களும் கூட இருங்க. என்ன வருதோ அதை ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும்."

நோயல் அங்கிள் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நீ படிச்சவ. நீ அளந்தா சரி. என்ன வந்தாலும் ஒத்துக்கிறோம். நீயும் ஒத்துக்கணும்" என்றார்.

"கட்டாயமா" என்றாள் ஐரின்.

தம்பி எரிக்கிடம் பீரங்கி வேண்டும் என்று கேட்டபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எதுக்குக்கா இதெல்லாம்? நடந்தது நடந்துபோச்சு" என்றான். மாமாவுக்குக் கண் போனதில் அவன் உடைந்துபோயிருக்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். விபத்து நடந்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மகள் நோரா சொல்லியிருந்தாள்.

"நீ வந்து வெடிச்சுக் கொடு, போதும். கொடியேத்தத்தன்னைக்கு எப்படிக் கெட்டிச்சியோ அப்படியே. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"சரிக்கா."

பொம்மனஹள்ளி தாண்டி, எரிக்கோடு வேலை பார்க்கும் கோவிந்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. சுற்றிலும் வீடு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் அங்கே போனார்கள். நோயல் அங்கிளும் கமிட்டியில் இன்னும் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்தார்கள். ஓஸ்வால்ட் வரவில்லை. "நீ போய்ட்டு வா. எனக்குத் தெரிஞ்சதை எதுக்கு நான் வந்து பாக்கணும்?" என்றுவிட்டார்.

கோவிந்தப்பா பயந்துகொண்டே இருந்தார். "ஜாஸ்தி சத்தம் பேடா, வேணாம் மேடம். எருமை கன்னு போட்டிருக்கு" என்றார், தமிழும் கன்னடமுமாக.

ஐரின் ஒரு பழைய மரப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஈரத் துணியும் களிமண்ணும் அடைத்து எடை போட்டிருந்தாள். பலாமரக் கிளையிலிருந்து நான்கு கயிற்றில் ஊஞ்சல் போல அதைத் தொங்கவிட்டாள். பெட்டியின் பின்னால் ஒரு பலகை. பெட்டி பின்னுக்குப் போனால், அதில் கட்டிய சாக்பீஸ் அந்தப் பலகையில் கோடு இழுக்கும். பீரங்கியின் காற்று பெட்டியைத் தள்ளிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு தட்டியை நிறுத்தி, அதில் தேங்காய் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தாள்.

"வர்ற பேப்பர் பெட்டிக்குள்ள போய்ச் செருகிக்கும். ரெண்டும் சேர்ந்து பின்னால ஆடும். எவ்வளவு தூரம் ஆடுதோ, அதை வெச்சு பேப்பர் வந்த வேகத்தைச் சொல்லிடலாம்" என்று நோயல் அங்கிளுக்கு விளக்கினாள்.

அன்று காலை அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. லேபில் வருஷா வருஷம் மாணவிகளுக்கு இரும்பு உருண்டையும் சின்ன ஊசலும் வைத்துக் காட்டுவதை, இப்போது வெட்டவெளியில், நெருப்பும் புகையுமாகச் செய்யப் போகிறாள். அதுவும் புருஷனுக்காக.

முதலில் பெட்டியைப் பீரங்கியிலிருந்து ஒரு மீட்டரில் வைத்தார்கள். எரிக் மருந்தை அளந்து போட்டான். நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்தான். கம்பால் கெட்டித்தான். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் திரியில் நெருப்பு வைத்தான்.

சத்தத்தில் தோப்புக் காக்கை எல்லாம் கிளம்பின. பெட்டி தூக்கிப் போட்டது போலப் பின்னால் போய் வந்தது. ஐரின் ஓடிப்போய்ச் சாக்பீஸ் கோட்டை அளந்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். நொடிக்கு அறுபது மீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலைவிட இரண்டு மடங்கு வேகம்.

"பாத்தீங்களா அங்கிள்! வெறும் பேப்பர்னு சொன்னீங்களே!"

நோயல் அங்கிள் குனிந்து கோட்டைப் பார்த்தார். "கிட்டக்க அப்படி இருக்கும்மா. கயிறு தூரத்துல வெச்சுப் பாரு" என்றார்.

மூன்று மீட்டரில் வைத்தபோது கோடு வெகுவாகச் சுருங்கிவிட்டது. நொடிக்கு இருபது மீட்டர்கூட வரவில்லை. ஐரின் ஏதோ தப்பு என்று நினைத்துப் பெட்டியை நேராக்கி மறுபடி வெடிக்கச் சொன்னாள். அதேதான் வந்தது. அடுத்த முறை தட்டியை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. குழலை விட்டு வெளியே வந்ததும் பேப்பர் பிய்ந்து விரிந்துவிடுகிறது. விரிந்ததைக் காற்றே பிடித்து நிறுத்திவிடுகிறது.

கடைசியாக இருபத்தைந்து அடி. வெடித்தது. எரிந்த பேப்பர்த் துண்டுகள் பட்டாம்பூச்சி மாதிரி மிதந்து வந்தன. ஒன்றிரண்டு பெட்டியைத் தொட்டு, புல்லில் விழுந்தன. பெட்டி அசையவில்லை.

இன்னொரு தடவை என்று ஐரின்தான் கேட்டாள். இன்னொரு தடவையும் பெட்டி அசையவில்லை.

நோயல் அங்கிள் கெட்டவர் இல்லை. அவள் அருகில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "நீதாம்மா அளந்தே. வெளியில நின்னவருக்கு இது பட்டிருந்தா, தட்டி விட்டுட்டுப் போயிருப்பார். அவர் உள்ளதான் இருந்திருக்கார். அவர் மேல எங்களுக்குக் கோபம் இல்ல. ஆனா இத்தோட விட்டுடு."

எரிக் பீரங்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

ஐரின் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. ஓஸ்வால்ட் வாசல் ரூமில் ரேடியோவை முன்னால் வைத்துக்கொண்டு, அதைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு உள்ள போனீங்களா?"

ஓஸ்வால்ட் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கொஞ்சமா ஏதாவது... குடிச்சிருந்தீங்களா?"

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். அன்று சாப்பிடவும் வரவில்லை.

ஞாயிறு கழிவதற்குள் தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது. லெக்சரர் அம்மாவே அளந்து பார்த்தாளாம், அவள் புருஷன் கயிறுக்கு உள்ளே இருந்ததை அவளே கண்டுபிடித்தாளாம். அதுவரைக்கும் ஓஸ்வால்டிடம் நின்று நலம் விசாரித்தவர்கள்கூட இப்போது பார்த்தும் பாராமல் போனார்கள். கறிக்கடையில் ஒருத்தி ஐரினின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வூட்டுக்காரரும் அப்படித்தான். வேண்டிக்கிட்டேன்பாங்க, ஒளிச்சு ஒளிச்சுக் குடிப்பாங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

நவம்பரில் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார்கள். டாக்டர் ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்போரமா இருக்கிற அந்தச் சின்னத் துண்டை அப்படியே விட்டிருக்கோம். தொந்தரவு பண்ணாது. பயப்படாதீங்க" என்றார்.

"என்ன துண்டு டாக்டர்?" என்றாள் ஐரின்.

"கல்லோ, ஓடோ. ஆபரேஷன் அன்னைக்கும் சிவப்பா கொஞ்சம் எடுத்தோம். தரையில விழுந்ததுல போயிருக்கும்னு நெனச்சோம்."

கண் குழிக்கு உள்ளே, எலும்பு ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தரையில் விழுகிறவனுக்கு அவ்வளவு ஆழத்தில் கல் போகாது. பேப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது. கல் பேப்பர் மாதிரி விரிந்து நின்றுவிடாது. குழலை விட்ட வேகத்தில் முக்கால்வாசியோடு இருபத்தைந்து அடிக்கும் போகும், அதைத் தாண்டியும் போகும். தோப்பில் அவள் அளந்ததில் தப்பில்லை. கொடியேற்றத்தன்று குழலுக்குள் இருந்தது வேறு.

ஓஸ்வால்டை வீட்டில் விட்டுவிட்டு நேரே எரிக்கின் வீட்டுக்குப் போனாள். அவன் மட்டும் இருந்தான்.

"உள்ள என்னடா போட்டே?"

அவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "முதல் ரெண்டும் சத்தமே வரலக்கா. எல்லாம் சிரிச்சானுங்க. செங்கல்லை உடைச்சு மேல போட்டுக் கெட்டிச்சா நல்லா அடைக்கும், நல்லா வெடிக்கும். ஒரு கைப்பிடிதான். மேல பாத்துதான் வெச்சேன்க்கா. மரச்சட்டம் வழுக்கிடுச்சு."

"மாமா எங்க நின்னார்?"

"வெளியிலதான். நான் பாத்தேன். கயிறைப் புடிச்சுக்கிட்டு நின்னார்."

ஐரினுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. "தோப்புக்கு வந்து, என் முன்னாடி வெறும் பேப்பரைக் கெட்டிச்சு வெடிச்சியே. ஒவ்வொரு தடவையும். நான் கோடு அளக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னியே."

"நான் வேணாம்னு சொன்னேன்க்கா."

"ஞாயித்துக்கிழமை ஜெபமாலை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லு. அவர் வெளியில நின்னார்னு சொல்லு, அது போதும்."

"போலீஸ்ல கேஸாயிடும். லைசென்ஸ் இல்லாத மருந்து. ஃபேக்டரில சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. நோராவைப் பாத்துட்டுப் போயிருக்காங்கக்கா..."

"அவருக்கு வேற ஒண்ணும் வேணாம் எரிக். அந்த ஒரு வார்த்தைதான்."

எரிக் வெகு நேரம் அழுதான். கடைசியில், "சொல்றேன்க்கா" என்றான். அவள் தலையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை ஐரின் ஓஸ்வால்டுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அவரே முகம் சவரம் செய்துகொண்டார். தாடையில் ஓரிடம் வெட்டிக்கொண்டார். கெபிக்குப் போகும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தோப்பிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் அவளைத் தொட்டார்.

ஜெபமாலை முடிந்தது. ஐரின் முன்னால் போய் நின்று எக்ஸ்ரேயைப் பற்றிச் சொன்னாள். சிவப்புத் துகளைப் பற்றிச் சொன்னாள். "மத்ததை என் தம்பி சொல்வான்" என்றாள்.

எல்லோரும் எரிக்கைப் பார்த்தார்கள். அவன் பக்கத்தில் நோரா முக்காட்டோடு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மனசு கஷ்டத்துல இருக்கா" என்றான் எரிக். "நான் என்ன சொல்றது? வெறும் பேப்பர்தான் வெச்சேன். எப்பவும் வெக்கிற மாதிரி."

"எரிக்!"

"தரையில கெடந்த கல்லு தெறிச்சிருக்கும். கிட்டக்க இருந்ததால பட்டிருக்கும்" என்றான். குரல் உடைந்து, அழுதான். பெண்கள் இரண்டு பேர் அவனுக்கு அருகே போய் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நோயல் அங்கிள், "போதும்மா ஐரின். சொந்தத் தம்பி மேல இப்படிப் பழி போடாதே" என்றார்.

பீரங்கியைக் கொண்டுவா, செங்கல் போட்டு மறுபடி அளக்கிறேன் என்றாள் ஐரின். அதை முந்தின நாளே துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக எரிக் சொன்னான். இனிமேல் தெருவில் யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்று. நல்ல காரியம் என்றார்கள். பீரங்கி இருந்தால்கூட என்ன? செங்கல் போட்டால் கண் போகும் என்று அவளால் காட்ட முடியும். அன்று செங்கல் இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவது? அதற்கு எரிக்கின் வாய் ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓஸ்வால்ட் அவள் தோளைப் பிடிக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். வீட்டுப் படியேறும்போது சொன்னார்: "நீ அளக்கிறதுக்கு முன்னால பாதிப் பேராவது என்னை நம்புனாங்க ஐரின்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீயும் நம்புனே" என்றார்.

அடுத்த வருஷம் அந்தத் தெருவை விட்டு பொம்மனஹள்ளியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஐரின் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ஓஸ்வால்ட் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தார். கீழ் வீட்டில் இருந்த சொர்ணம் என்ற பெண்மணி மதியம் காபி கொடுத்து, சிறிது நேரம் பேசிவிட்டுப் போவாள். கண் எப்படிப் போனது என்று அவள் கேட்டபோது ஓஸ்வால்ட், "பிறந்ததிலேருந்தே இப்படித்தான்" என்றாராம். ஐரினிடம் அதைச் சொர்ணமே சொன்னாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நோராவுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை வைக்க எரிக் வரவில்லை. நோராதான் வந்தாள். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டாயம் வரணும் என்று அழுதாள். ஐரின் முடியாது என்றாள். ஓஸ்வால்ட் போனார். சொர்ணத்தின் மகன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஐரின் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவர் வந்து செருப்பைக் கழற்றினார். வாடை எதுவும் வருகிறதா என்று அவளையறியாமலே மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் வரவில்லை, சென்ட் வாசனையைத் தவிர.

"எரிக் ஏதாவது சொன்னானா?"

"கட்டிப் புடிச்சு அழுதான். காதுல ஏதோ சொன்னான். பேண்டு சத்தத்துல கேக்கல."

"என்னை மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள் ஐரின். மூன்று வருஷமாக வாய்வரைக்கும் வந்து திரும்பிய கேள்வி அது.

ஓஸ்வால்ட் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். "நீ என்ன பண்ணே? கேட்டே. கேக்கிறது தப்பா?" என்றார், யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு படுத்துக்கொண்டு, அவள் இருந்த பக்கம் பார்வை போன வலது கண் வரும்படி முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டார்.